கண்டுபிடித்தவர் பெயர் என்ற கட்டம்

அய்யா, நீங்கள் எழுதக் கொடுத்த பேனா நன்றாக ஓடுகிறது. காவல் நிலையத்துப் பேனா என்றால் கயிறு கட்டியிருக்கும், மூடி தொலைந்திருக்கும், நாலு உதறு உதறினால்தான் எழுதும் என்று நினைத்திருந்தேன். தப்பு. இன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளப் போகும் தப்புகளில் இதை முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"நடந்ததை உன் கையாலேயே எழுது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எழுதுகிறேன். அதற்கு முன்னால், என் மனைவியின் புகாரை வைத்து நீங்கள் தயாரித்த குறிப்பில் ஒரு வரி. 'மனைவி செய்த சாதனத்தின் காப்பிரைட்டைத் திருடி, தன் பெயரில் டிரேட்மார்க் பேட்டன்ட் செய்துகொண்டார்.' மூன்று வார்த்தையையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டிவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இப்படித்தான் வருவார்கள். "என் கடைப் பேரை பேட்டன்ட் பண்ணணும்" என்பார் ஒருவர். "என் மிஷினுக்கு ஒரு காப்பிரைட் வாங்கிக் கொடுங்க" என்பார் இன்னொருவர். அவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, விளக்கிச் சொல்வது என் வேலை. பழக்கதோஷம், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கே அதில்தான் இருக்கிறது.

இந்தப் பேனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் அழுத்தினால் முனை வெளியே வருகிறது, மறுபடி அழுத்தினால் உள்ளே போய்விடுகிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங் அந்த வேலையைச் செய்கிறது. வேலை செய்யும் அந்த விதத்தை முதன்முதலில் யோசித்தவர் கேட்டு வாங்குவது பேட்டன்ட். கேட்டால்தான் கிடைக்கும். மனுப் போடுவதற்கு முன்னால் ஊருக்குக் காட்டிவிட்டால் கிடைக்காது. கிளிப்பில் பொறித்திருக்கிறதே கம்பெனிப் பெயர், அது டிரேட்மார்க். இது யார் சரக்கு என்று வாங்குகிறவர் தெரிந்துகொள்ள ஒரு அடையாளம். பேனாவில் புதுமை ஒன்றும் இல்லாவிட்டாலும் பெயரைப் பதியலாம். இந்தப் பேனாவால் நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த எழுத்து காப்பிரைட். இதற்கு மனுவும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம், எழுதிய நிமிஷமே எழுதியவனுக்குச் சொந்தம். ஒரு பேனாவில் மூன்று உரிமை, மூன்று தனித்தனி ஆளுக்கு. நான் மூன்றையும் ஒரே ஆளிடமிருந்து எடுக்கப் பார்த்தேன். அந்த அளவில் உங்கள் வரி சரிதான்.

இருபத்திரண்டு வருஷமாக நான் ஒரு பேட்டன்ட் வக்கீலிடம் குமாஸ்தா. வக்கீல் யோசிப்பார், நான் படிவம் நிரப்புவேன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி போகாது. அதனால் ஆபீசில் எனக்குப் பெயரே 'கட்டம்'தான். "கட்டத்தைக் கூப்பிடு", "கட்டம் இன்னிக்கு லீவு" என்பார்கள். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. அந்தப் படிவத்தில் ஒரு இடம் உண்டு, கண்டுபிடித்தவர் பெயர் என்று. எலிப்பொறிக்கு மணி வைத்தவர், குளிக்கும்போது நனையாத புத்தகம் செய்தவர், மூக்குக்கண்ணாடி விழுந்தால் கூவும் சங்கிலி செய்தவர், அத்தனை பேர் பெயரையும் அதில் எழுதியவன் நான். ஆயிரத்துக்கு மேல் இருக்கும்.

நானும் ஒருதரம் முயன்றேன். குடையின் விளிம்பைச் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால், மழைத் தண்ணீர் எல்லாம் ஒரே பக்கமாக வழிந்துவிடும். வக்கீல் படத்தைப் பார்த்துவிட்டு, "கட்டம், அந்தப் பக்கத்துல யாரு நடப்பாங்க?" என்று கேட்டார். ஆபீசே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அன்று மாலை நல்ல மழை. கையில் குடை இருந்தும் விரிக்க மனசு வராமல் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். நான்கு நாள் ஜலதோஷம். என் கண்டுபிடிப்பால் ஏற்பட்ட ஒரே விளைவு அதுதான்.

என் மனைவி வாஷிங் மிஷின் பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக். அவள் அப்பா, அதாவது என் மாமனார், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது, மறதியும் சேர்ந்துகொண்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். பால் பொங்கித் தீயை அணைத்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை வாசனை பிடித்து ஓடிவந்து மூடியிருக்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்றால், "மாப்பிள்ளை வீட்டுல விருந்தாளியா இருக்கலாம், குடித்தனக்காரனா இருக்க முடியுமா?" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

என் மனைவிக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. பழைய வாஷிங் மிஷின்களில் துணி பிழிய ஒரு குமிழ் இருக்கும், பார்த்திருப்பீர்கள். திருகிவிட்டால் டிக்டிக் என்று தானே திரும்பி வந்து நின்றுவிடும். உடைசல் மிஷினிலிருந்து அதைக் கழற்றி, அடுப்புக்கு கேஸ் வரும் குழாயில் ஒரு அடைப்போடு இணைத்தாள். குமிழைத் திருகினால்தான் கேஸ் வரும். பத்து நிமிஷத்தில் குமிழ் தானே திரும்பி கேஸை மூடிவிடும். இன்னும் வேண்டும் என்றால் எழுந்து வந்து மறுபடி திருக வேண்டும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், முக்கியமாக ஞாபகசக்தி வேண்டாம். மூன்று செய்தாள். எங்கள் அடுப்புக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, உதிரிக்கு ஒன்று.

"இது சரியா வருமா பாருங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் காட்டினாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் ஆபீஸ் வாசலில் ஏறிய எதுவும் இதன் கால்தூசி பெறாது. எனக்கு வயிறு எரிந்தது, அய்யா. வேறு வார்த்தை இல்லை. இத்தனை காலம் கண்டுபிடிப்புகளுக்கு நடுவில் தவம் கிடந்தவன் நான். அது என்னைத் தாண்டிப் போய், ஸ்குரூடிரைவரும் கையுமாக இருந்தவள் மடியில் உட்கார்ந்துகொண்டது.

"இதுக்கு பேட்டன்ட் வாங்கணும்" என்றேன். "மனு போடற வரைக்கும் இது நம்ம வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது. யாருக்கும் காட்டக் கூடாது."

"அதெல்லாம் நீங்க பாத்துக்குவீங்க. எனக்கென்ன கவலை" என்றாள்.

மாமனார் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பிட வருவார். எங்கள் அடுப்பில் அந்தக் குமிழ் திரும்புவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். அதற்கு 'செக்கர்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். "டிக்கெட் இல்லாதவனை நான் பிடிச்சேன். கவனம் இல்லாதவனை இது பிடிக்குது. ரெண்டு பேரும் ஒரே உத்தியோகம்" என்பார். சாப்பிட்டுக் கை கழுவியதும் அதே கேள்வி வரும்.

"மாப்பிள்ளை, என் செக்கரை எப்ப டியூட்டிக்கு அனுப்பறீங்க?"

"பேட்டன்ட் போட்டதும் மாமா. அது வரைக்கும் வெளிய போனா சட்டப்படி நமக்கு இல்லாம போயிடும்."

"சட்டம்னா சரி" என்பார். "முப்பத்தஞ்சு வருஷம் சட்டம் பேசி ஆளுங்களை வண்டியை விட்டு எறக்கினவன், எனக்குன்னு வந்தா மட்டும் வளைக்க முடியுமா?" அதோடு விடமாட்டார். குரலைத் தணித்துக்கொண்டு, "பார்க்குல ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடலை" என்று எனக்கு உறுதி கொடுப்பார். நான் பாராட்டுவேன்.

மனைவியும் கேட்பாள். வாசகம் இன்னும் அமையவில்லை என்பேன். பேட்டன்ட் மனுவில் ஒரு சொல் பிசகினால் எல்லாம் பாழ் என்பேன். அது உண்மைதான். நான் அவளிடம் சொன்ன பெரும்பாலான விஷயங்கள் உண்மைதான்.

ஒருநாள் காலை, அப்பாவுக்கென்று செய்ததைப் பழைய துணியில் சுற்றி வேலைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "நேத்தும் அடுப்பு அணைஞ்சு கிடந்துச்சாம். பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணினார். இன்னைக்கு மாட்டிட்டு வந்துடறேன். பேட்டன்ட் போனா போகட்டும்."

நான் மிரட்டவில்லை, கையைப் பிடிக்கவில்லை. நிதானமாகத்தான் பேசினேன். "போகட்டும்னு ஈஸியா சொல்றே. நாளைக்கு எவனோ ஒருத்தன் இதைச் செஞ்சு கடையில அடுக்குவான். உங்க அப்பாவே 'என்னாலதானே போச்சு'ன்னு உருகிப் போயிடுவார். அவரு மனசு உனக்குத் தெரியாதா?"

பையைக் கீழே வைத்தாள். "இன்னும் எத்தனை நாளுங்க?"

"ஒரே மாசம்."

துணிச்சுருளைப் பையிலிருந்து எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பத்தொன்பதாவது நாள் காலை, பால் பொங்கியது. தீயணைப்புத் துறையின் அறிக்கை உங்களிடமே இருக்கும், விபத்து என்று முடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அன்று ஊரில் இல்லை. மாமனார் பேப்பரை முழுவதும் படித்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து, அடுப்பு அணைந்திருப்பதைப் பார்த்து லைட்டரை அழுத்தியிருக்கிறார். சமையலறை ஜன்னல் எதிர் வீட்டு வாசலில் கிடந்தது. அவர் மறுநாள் மதியம் வரைக்கும் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி, "சட்டத்தைப் பாத்துக்கிட்டு எங்கப்பாவை விட்டுட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். நான் அவள் தோளில் கை வைத்து, "சட்டத்தை நாம என்னம்மா பண்ண முடியும்?" என்றேன். என் குரலில் வருத்தம் இருந்தது. உண்மையாகவே இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் அவள் அந்தச் செக்கர் கதையைச் சொன்னாள். மறைக்க இனி என்ன இருக்கிறது? வந்தவர்கள் வாயிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "அந்தச் செக்கர் மட்டும் இருந்திருந்தா" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து, நல்ல பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னதாக இருக்கிறது, ஒருதரம் கேட்டால் மறக்காது. பேட்டன்டுக்கு ஆயுசு இருபது வருஷம்தான். டிரேட்மார்க்கைப் புதுப்பித்துக்கொண்டே போனால் முடிவே கிடையாது. மாமனார் இறந்த பதினாறாம் நாள் 'செக்கர்' என்ற பெயருக்கு டிரேட்மார்க் மனு போட்டேன். அவர் வைத்த பெயர் நிலைத்து நிற்கட்டும் என்றுதான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விண்ணப்பதாரர் என்ற கட்டத்தில் அவர் பெயரும் இல்லை, அவர் மகள் பெயரும் இல்லை.

இங்கேதான் நான் மாட்டினேன். என்னை மாதிரி ஆளைத் தவிர யாருக்கும் இது இவ்வளவு கேவலம் இல்லை. பேட்டன்ட் மனு பதினெட்டு மாசம் உறைக்குள் இருக்கும், வெளியாள் பார்க்க முடியாது. டிரேட்மார்க் மனு அப்படி இல்லை, சில நாளிலேயே பொதுத் தேடலில் வந்துவிடும். பெயரைத் தட்டினால் யார், எந்தத் தேதி என்று யாரும் பார்க்கலாம். வாரத்துக்கு இரண்டு பேருக்காவது இதைச் சொல்லி எச்சரிக்கிறவன் நான். ஐந்து மாசம் கழித்து என் மனைவி, இனி யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது, அப்பா வைத்த பெயரிலேயே இதை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று கிளம்பினாள். சர்வீஸ் சென்டரில் பில் போடும் பெண், அந்தப் பெயர் காலியாக இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருக்கிறாள். காலியாக இல்லை.

அச்செடுத்த தாளை என் முன்னால் வைத்து, "இது என்னங்க?" என்றாள். நான் அவளுக்கு டிரேட்மார்க் என்றால் என்ன, பேட்டன்ட் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் பேசியிருப்பேன். நம் வாய்க்கு ஒரு செக்கர் இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் மூடியிருக்கும். கடைசியில் அவள், "பேட்டன்டும் உங்க பேர்லதானா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பீரோ மேலிருந்த துணிச்சுருளை எடுத்துக்கொண்டு அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் உங்களிடம் வந்திருக்கிறாள்.

இனி உங்கள் குறிப்புக்கு வருகிறேன். 'மாமனார் இறந்த பதினாறாம் நாள், மனைவி துக்கத்தில் இருந்ததைப் பயன்படுத்தி டிரேட்மார்க்கும் பேட்டன்டும் பதிந்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். கையில் ஒரு தேதி இருந்தது, இரண்டுக்கும் அதையே போட்டுவிட்டீர்கள். என் மனைவியும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள், பாவம். சாவு வீட்டில் திருடியவன் என்று ஆகிறது. அய்யா, அந்தப் பழி எனக்கு வேண்டாம். பேட்டன்டை நான் சாவு வீட்டில் திருடவில்லை. அதற்கு ஒன்பது மாசம் முன்னாலேயே திருடிவிட்டேன்.

அவள் செய்து முடித்த இரண்டே வாரத்தில், ஆபீசில் மதிய இடைவேளை. வாசகம் எல்லாம் அன்றைக்கே தயார். அவள் நோட்டில் வரைந்த படங்களை அப்படியே சேர்த்திருந்தேன். அவை காப்பிரைட், இன்றும் அவளுடையவைதான். கண்டுபிடித்தவர் பெயர் என்ற கட்டம் வந்தது. முதலில் அவள் பெயரைத்தான் அடித்தேன். பிறகு, சும்மா, எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும், அதை அழித்துவிட்டு என் பெயரை அடித்தேன். கடையில் புதுச் சட்டையைப் போட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. பார்த்தேன். கழற்ற மனசு வரவில்லை. அனுப்பிவிட்டேன். ரசீது வந்தது. அன்று மாலை வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன். "என்ன விசேஷம்?" என்றாள். "சும்மாதான்" என்றேன்.

இந்தத் தேதி ஏன் முக்கியம் என்றால், ரகசியம் என்பது மனு போடும் வரைக்கும்தான். போட்ட மறுநாளிலிருந்து அதை நடுத்தெருவில் வைத்துக் கூவி விற்கலாம், சட்டம் ஒன்றும் சொல்லாது. உண்மையில் அதற்கு முன்னால்கூட, வாயைத் திறக்காத சொந்த அப்பாவின் அடுப்பில் மாட்டினால் பெரிதாக எதுவும் குடிமுழுகிப் போயிருக்காது. இதையெல்லாம் நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மாமனார் கை கழுவிவிட்டு "எப்ப மாப்பிள்ளை?" என்று கேட்ட ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எந்தத் தடையும் இல்லை. அவள் பையில் எடுத்து வைத்த அன்று காலையும் இல்லை. 'போட்டாச்சு' என்று ஒரு வார்த்தை நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் ரசீதைக் காட்டுங்கள் என்பாள். ரசீதில் என் பெயர் இருந்தது.

ஆகவே விபத்து என்று முடித்ததைத் திறந்துகொள்ளுங்கள். என் மாமனாரை அவருடைய மறதி கொல்லவில்லை. சட்டமும் கொல்லவில்லை. பீரோ மேல் ஒரு துணிச்சுருள் இருப்பதும், அது எதற்கு என்பதும், அதை அங்கே வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை என்பதும் தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தே விட்டேன். அவர் என் பேச்சை நம்பி, யாரிடமும் மூச்சு விடாமல் செத்தார். இந்தத் தாளை என் மனைவி படிப்பாள். பாருங்கள், இந்த ஒரு வரியில் எழுத்து கோணலாகியிருக்கிறது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. உறை பிரிய மூன்று மாசம் இருக்கும்போதே, அதாவது இன்னும் இரண்டு வாரத்துக்குள், ஒரு பக்கப் படிவம் கொடுத்தால் பேட்டன்ட் மனுவைத் திரும்ப வாங்கிவிடலாம், அது வெளியிலேயே வராது. தேதியும் போய்விடும், அதோடு சாட்சியும் போய்விடும். அந்தப் படிவத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு நிரப்புவேன். நேற்று முழுவதும் யோசித்தேன். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

எல்லாம் எழுதியாகிவிட்டது, நெஞ்சு லேசாக இருக்கிறது. என்ன தண்டனை என்றாலும் சரி. பேட்டன்டை அவளுக்கே மாற்றிக் கொடுங்கள், செக்கர் என்ற பெயரையும் கொடுங்கள், வருகிற பலன் எல்லாம் அவளுக்கே சேரட்டும். எனக்கு எதுவும் வேண்டாம். பேட்டன்ட் படிவத்தில் கண்டுபிடித்தவர் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் நிரப்பிய ஒரு படிவத்தில்கூட அடித்தல் திருத்தல் இருந்ததில்லை.